அண்ணன் போர்த்திய சுவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று மாலை வீட்டில் நடந்த பேச்சில் இருந்தவர்கள், அவரவர் உட்கார்ந்த இடத்தோடு:

கூடத்தின் நடுவில், உங்கள் கை வைத்த நாற்காலியில் அண்ணன். அவருக்கு வலப்பக்கம் சோபாவின் விளிம்பில், எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராகக் காண்ட்ராக்டர். எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்பதால் சின்னவள் அவருக்கு வைத்த பெயர் பாத்துக்கலாம். இந்தக் கடிதத்திலும் அதையே எழுதுகிறேன். மாடிப்படியின் கடைசிப் படியில் அண்ணி, தோளில் ஈரத்துணியோடு. சாப்பாட்டு மேஜையருகே நான், தாளும் பேனாவுமாக. சின்னவள் உட்காரவில்லை. காப்பக அறைக்குப் போகும் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"யார் எங்கே உட்கார்ந்தாங்கன்னு முதல்ல எழுது, பேசினதுல பாதியை நானே ஊகிச்சுக்குவேன்" என்பீர்கள். உங்கள் நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்தார் என்றதுமே பாதி புரிந்திருக்கும். மீதியை எழுதுகிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன மாதம் அண்ணன் போனில், "வீட்டு முகப்புக்குப் பலகை போடலாமாப்பா?" என்று கத்தியதும், காது கேட்காமல் நீங்கள் "சரி சரி, சாப்பிட்டியா?" என்றதும் எனக்குத் தெரியும். அந்தச் "சரி சரி"யை அவர் அரசாங்க உத்தரவு போல எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிகிறார். அதனால்தான் கடிதம். நீங்கள் பெரியக்கா வீட்டில்தானே இருக்கிறீர்கள், அவரே நிதானமாகப் படித்துக் காட்டட்டும்.

உங்களிடம் கேட்கப்போவது ஒன்றுதான். சின்னவள் நடத்தும் குழந்தைகள் காப்பகம் இந்த வீட்டில் இருக்கலாமா, கூடாதா? அண்ணன் செய்து வைத்திருப்பது இப்படியே இருந்தால் காப்பகம் இருக்க முடியாது. இரண்டு தெரு தள்ளி ஒருவர் அறை தருகிறேன் என்கிறார். சின்னவள் மூட்டை கட்டப் பாதி மனதோடு நிற்கிறாள். வீடு உங்கள் பெயரில் இருக்கிறது. சொல்ல வேண்டியது நீங்கள்.

நம் வீட்டு வழக்கப்படி இதை எல்லோர் முன்னிலையிலும் படித்து, எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகே ஒட்டுவேன். கையெழுத்துப் போட்டவர் பிறகு பேச்சை மாற்றக் கூடாது என்பது நீங்கள் சங்கத்துக் காரியதரிசியாக இருந்த காலத்தில் போட்ட சட்டம். அது இன்னும் அமலில் இருக்கிறது.

முதலில் பலகையைப் பற்றி. அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஃபைபர் சிமெண்ட் பலகை என்பது சிமெண்டும் மணல் தூளும் நாரும் சேர்த்து அழுத்திச் செய்தது. சாம்பல் நிறத்தில், ஆளுயரத்தில், பார்க்க லட்சணமாகவே இருக்கிறது. தீப்பிடிக்காது, கரையான் அரிக்காது. சொன்னபடி பொருத்தினால் மழையையும் வெயிலையும் வருடக்கணக்கில் தாங்கும். எப்படிப் பொருத்துவது என்று கம்பெனிக்காரர்கள் படம் போட்டு ஒவ்வொரு கட்டோடும் தாள் வைத்திருந்தார்கள். அண்ணன் அதைத் தன் டீ டம்ளருக்குக் கீழே விரித்துக்கொண்டார். "படம் போட்டு விளக்கறதெல்லாம் புரியாதவங்களுக்கு" என்றார்.

ஃபர்னிச்சர் ஷோரூமில் நாற்காலிகளுக்கு நடுவே இருபது வருடம் நடந்ததில் தானும் ஒரு கட்டடக் கலைஞர் ஆகிவிட்டதாக அவருக்கு ஒரு நினைப்பு. பென்சிலைக் காதில் செருகிக்கொள்கிறார். அதை எடுத்து எழுதி நான் பார்த்ததில்லை. வாசலில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை நீட்டிச் சுவரை அளக்கிறார். அந்தக் கட்டைவிரல் கணக்கில்தான் எல்லாம் நடந்தது.

பலகைகளை மேடை மேல் படுக்க வைத்து, மேலே தார்ப்பாய் மூட வேண்டும் என்பது தாளில் முதல் வரி. அண்ணன் அவற்றைக் காம்பவுண்டுச் சுவரில் சாய்த்து நிற்க வைத்தார். போகிறவர் வருகிறவர் பார்க்க வேண்டுமே! இரண்டு நாள் மழையில் நனைந்து, பாதி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வளைந்துவிட்டன. "இது இயற்கையான வளைவு. டிசைன்ல இதையும் சேத்துக்கலாம்" என்றார். பாத்துக்கலாம் தலையாட்டினார். நனைந்து வளைந்த பலகையை வளைவோடு திருகி இறுக்கினால் ஒரு நாள் அது தன் குணத்தைக் காட்டும் என்று நான் சொன்னேன். "குமாஸ்தா, நீ லெட்டர் எழுது" என்றார். லாரி ஆபீசில் கடிதம் எழுதியே ஓய்வு பெற்றவள் என்பதால் எனக்கு அவர் தந்திருக்கும் பட்டம் அது. எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடுத்தது அறுப்பு. இதுதான் முக்கியம், பெரியக்காவை இரண்டு தடவை படிக்கச் சொல்லுங்கள். இந்தப் பலகையை வேகமாகச் சுற்றும் மெஷினால் காய்ந்தபடி அறுத்தால், அதற்குள் இருக்கும் மணல் தூள் மாவைவிட நைசாகப் பறக்கும். மூக்கில் நிற்காது, நுரையீரலின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தது திரும்பி வருவதில்லை. அதனால் கத்தியால் கீறி மடக்கி ஒடிக்க வேண்டும், அல்லது தூசியை உறிஞ்சும் மெஷினால், ஆளில்லாத வெட்டவெளியில் அறுக்க வேண்டும். அறுப்பவர் அதற்கென்று உள்ள மாஸ்க்கை முகத்தோடு ஒட்டப் போட்டுக்கொள்ள வேண்டும். விழுந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. ஈரத்தால் துடைத்து எடுக்க வேண்டும்.

அண்ணன் தேர்ந்தெடுத்த இடம் எது தெரியுமா? காப்பகத்து ஜன்னலுக்கு நேர் கீழே உள்ள சந்து. அங்கேதான் நிழலாம். பாத்துக்கலாம் கைக்குட்டையைக் கொள்ளைக்காரன் மாதிரி மூக்கில் கட்டிக்கொண்டு மெஷினை ஓட்டினார். சந்து முழுக்க வெள்ளைப் புகை. ஒரு வாரம் குழந்தைகள் ஜன்னலை மூடிக்கொண்டு வியர்வையில் தூங்கின. அண்ணி நல்ல மனதோடு துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினார். படுத்திருந்த தூளும் எழுந்து உள்ளே வந்தது.

சின்னவள் சண்டைக்குப் போனாள். அதற்கு அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இந்தக் காலத்துப் புள்ளைங்க மண்ணுலயே புரளறதில்ல. கொஞ்சம் தூசி பட்டாத்தான் உடம்புல எதிர்ப்பு சக்தி வரும். நான் உனக்கு உதவிதான் பண்றேன்."

அந்த உதவியின் பலன் மறுநாளே தெரிந்தது. ஒரு குழந்தையின் அப்பா அழைத்துப்போக வந்தவர், ஜன்னல் விளிம்பில் ஒரு விரலை ஓட்டி, அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார். குழந்தையின் பை, தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி, பொம்மை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். "நாளைக்கு வரமாட்டான்" என்றார். அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு பேர். மாடியிலிருந்து இதைப் பார்த்த அண்ணன், "கூட்டம் குறைஞ்சா உனக்கும் வேலை குறையும்ல?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காபி குடிக்கப் போனார்.

பிறகு பொருத்தினார்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவே மரச் சட்டம் அடித்து, காற்று போக வழி விட வேண்டும். அண்ணன் சட்டத்தை வேண்டாமென்றார். சுவர் தடித்துத் தெரியுமாம். நேராகச் சுவரிலேயே வைத்து முடுக்கச் சொன்னார். பலகைக்கும் பலகைக்கும் இடையில் இடம் விட வேண்டும். "பல்லு போன வாய் மாதிரி இருக்கும்" என்று எல்லா இணைப்பையும் பட்டி பூசி அடைத்தார். தரையிலிருந்து ஒரு சாணாவது தூக்கி நிறுத்த வேண்டும். இவர் மண்ணுக்குள்ளேயே இறக்கி, அதன் ஓரமாகப் பூச்செடி நட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறார். பலகையின் அடி இப்போதே ஈரம் ஏறிக் கறுத்திருக்கிறது. இதே அண்ணன் பள்ளிக்கூடத்தில் நோட்டில் இரண்டு விரல் ஓரம் விடாமல் எழுதி, வாரம் தவறாமல் பெஞ்சு மேல் நின்றவர் என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இன்னும் அந்த ஓரத்தோடு அவருக்குப் பகை தீரவில்லை.

இதெல்லாம் சுவருக்கு வந்த கேடு. ஆள் தலைக்கு வந்த கேடு அதற்கப்புறம்தான் வந்தது, பெயர்ப்பலகை ரூபத்தில்.

இரும்புத் தகட்டில் பித்தளை எழுத்து. இரண்டு பேர் சேர்ந்து தூக்கினார்கள். அதில் உங்கள் பெயர் சின்னதாக மேலே, அண்ணன் பெயர் பெரிதாகக் கீழே. தெருமுனையிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்று காப்பகத்து வாசற்படிக்கு நேர் மேலே மாட்டினார். அங்கே இருந்த காப்பகத்தின் சின்ன போர்டு இப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடக்கிறது. கனமான எதையும் இந்தச் சிமெண்ட் பலகையில் தொங்கவிடக் கூடாது; பின்னாலுள்ள சுவரைத் துளைத்துத் தனியாகத்தான் தாங்க வேண்டும். பாத்துக்கலாம் பலகையிலேயே, அதுவும் அதன் விளிம்போரமாக, துளைகூடப் போடாமல் இரண்டு ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் ஒரு ஸ்க்ரூவிலிருந்து முடி போல ஒரு விரிசல் கிளம்பியிருந்தது. சின்னவள் பார்த்தாள். அதனால்தான் நேற்றைய பேச்சு.

பேச்சை அண்ணன்தான் ஆரம்பித்தார். விரிசலைப் பற்றி இல்லை. "அடுத்து சந்துப் பக்கச் சுவர். அந்த ரெண்டு காத்துத் துவாரமும் அசிங்கமா இருக்கு. அதையும் சேத்து மூடிடலாம்" என்றார். குழந்தைகள் தூங்கும் அறைக்குக் காற்று வருவது அந்த இரண்டு துவாரத்தால்தான்.

"மூடறது இருக்கட்டும் அண்ணா. நேரா கேக்கறேன், அந்தப் பேர் போர்டு எதுல நிக்குது?" என்றாள் சின்னவள்.

"பலகையில நிக்குது. பலகை சுவர்ல நிக்குது. சுவர் பூமியில நிக்குது. இன்னும் கீழ போகணுமா?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு அண்ணன் பாத்துக்கலாம் பக்கம் திரும்பினார். அவரும் சிரித்தார். சிரிப்பும் காண்ட்ராக்டில் சேர்த்தி போலிருக்கிறது.

"அந்தப் பலகை மழையைத் தாங்கும், வெயிலைத் தாங்கும். உங்க பேரோட கனத்தைத் தாங்காது."

"பாத்தியா குமாஸ்தா, உன் தங்கச்சிக்கு என் பேர் மேலதான் பொறாமை."

"அதுக்குக் கீழதான் புள்ளைங்க நுழையுதுங்க" என்றேன் நான்.

"தம்பி, இவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுப்பா."

பாத்துக்கலாம் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "அக்கா, யானையைக் கட்டி இழுத்தாலும் வராதுக்கா."

"யானை வேணாம். நீங்களே இழுங்க" என்றாள் சின்னவள்.

"எதுக்குக்கா வீணா... பாத்துக்கலாம்..."

"அதான், பாத்துக்கலாம். வாங்க, பாக்கலாம்."

எல்லோரும் வாசலுக்குப் போனோம். நான் அண்ணியைக் கைப்பிடித்துத் தள்ளி நிறுத்தினேன். பாத்துக்கலாம் பக்கவாட்டில் ஸ்டூல் போட்டு ஏறி, போர்டின் ஓரத்தைப் பிடித்து, குழந்தைக்குக் கன்னம் கிள்ளுவது போல ஒரு இழுப்பு இழுத்தார். "பாத்தீங்களா?" என்றார்.

அங்கேயே விட்டிருந்தால் அண்ணன் ஜெயித்திருப்பார். ஆனால் அவருக்கு ஜெயித்தால் போதாது, கைதட்டலும் வேண்டும். "இதென்னப்பா இழுப்பு? நல்லா இழு. அவங்க சந்தேகம் மொத்தமா தீரட்டும்."

பாத்துக்கலாம் நன்றாக இழுத்தார். பிஸ்கெட் ஒடிவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். பலகையின் மூலை ஸ்க்ரூவோடு பெயர்ந்து வந்தது. போர்டு ஒரு பக்கம் சரிந்து, மிச்சமிருந்த ஒற்றை ஸ்க்ரூவில் கடிகாரத்து ஊசல் போல ஆடியது. பாத்துக்கலாம் ஸ்டூலிலிருந்து பூச்செடிக்குள் குதித்தார். பெயர்ந்த துண்டு, உள்ளங்கை அகலம், குழந்தைகள் செருப்பு விடும் இடத்தில் விழுந்தது. யாரோ மறந்து விட்டுப்போன ஒரு ஜோடி அங்கே கிடந்தது. என் கைக்குள் அடங்கிவிடும். அதில் ஒரு செருப்பின் மேல்தான் விழுந்தது.

சின்னவள் குனிந்து அந்தச் செருப்பை எடுத்து, தூசி தட்டி, கையிலேயே வைத்துக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணன்தான் வாயைத் திறந்தார். "இப்படி வெறி பிடிச்ச மாதிரி இழுத்தா எதுதான் வராது?"

"நீங்கதானே சார் நல்லா இழுக்கச் சொன்னீங்க?" என்றார் பாத்துக்கலாம், செடிக்குள் உட்கார்ந்தபடி. இத்தனை நாளில் அவர் பேசிய ஒரே நேர்மையான வாக்கியம்.

"இன்னும் பெரிய ஸ்க்ரூவா போட்டா சரியாயிடும்."

அதற்குத்தான் அண்ணி பேசினார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அண்ணனை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டதில்லை. "என்னங்க, கொஞ்சம் சும்மா இருங்க. அந்தத் தூசியைப் பெருக்கினதுலேர்ந்து எனக்கே இருமல் விடமாட்டேங்குது. நீங்க பக்கத்துலதான் படுக்கறீங்க. ஒரு நாளாவது ஏன் இருமறேன்னு கேட்டீங்களா?" சொல்லிவிட்டு உள்ளே போனார். அண்ணன் பின்னால் போகவில்லை. ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி, சாய்ந்த போர்டை அளந்துகொண்டிருந்தார்.

போர்டுக்குக் கீழே யாரும் போகாதபடி நேற்றே கயிறு கட்டிவிட்டோம். இன்று காப்பகத்துக்கு விடுமுறை. நாளை முதல் குழந்தைகள் சமையலறைப் பக்கக் கதவு வழியாக வருவார்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது.

ஆகவே அப்பா, எங்கள் வேண்டுகோள். போர்டு உடனே இறங்க வேண்டும். மறுபடி மாட்டுவதானால் வேறு இடத்தில், சுவரையே துளைத்து. பொருத்திய பலகைகளைக் கழற்றி, சட்டம் அடித்து, காற்றுக்கு வழி விட்டு, மண்ணிலிருந்து தூக்கி, வளையாதவற்றை மட்டும் திரும்பப் பொருத்த வேண்டும். இந்த வீட்டு எல்லைக்குள் இனி அறுப்பே கூடாது. அளவெடுத்துக் கொடுத்துப் பட்டறையிலேயே வெட்டி வாங்க வேண்டும். அறைக்குள்ளும் சந்திலும் படிந்த தூளைத் துடைப்பம் தொடாமல், ஈரமாகத் துடைத்து எடுக்க வேண்டும். சந்துப் பக்கச் சுவரையும் துவாரங்களையும் யாரும் தொடக் கூடாது. அண்ணிக்கு டாக்டரிடம் நெஞ்சைக் காட்ட வேண்டும். இது நடந்தால் காப்பகம் இங்கேயே இருக்கும். நடக்காவிட்டால் சின்னவள் போவாள். நானும் அவளோடு போவேன். அண்ணன் தன் பலகைகளோடு இருக்கட்டும்.

*

இனி எழுதுவது, மேலே உள்ளதைப் படித்துக் காட்டிய பிறகு.

இன்று காலை, காண்ட்ராக்டர் தவிர எல்லோரும் நேற்று இருந்த இடத்திலேயே. ஒரு வரி விடாமல் படித்தேன். கட்டைவிரலையும் விடவில்லை, பெஞ்சையும் விடவில்லை. அண்ணன் உங்கள் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்குகிறாரோ என்று வேண்டுகோளை இன்னொரு தடவை உரக்கப் படித்தேன். கண்ணைத் திறக்காமலே, "கேக்குது, கேக்குது" என்றார்.

படித்து முடித்ததும் அண்ணி எழுந்து வந்து முதல் கையெழுத்தைப் போட்டார். சின்னவள் அடுத்தது. பேனாவை அண்ணனிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

"இதுல ஒரு பெரிய தப்பு இருக்கு. இதைத் திருத்தாம நான் போடமாட்டேன்" என்றார்.

சின்னவள் என்னைப் பார்த்தாள். சண்டைக்குத் தயாரானேன். "எது தப்பு? தூசியா, போர்டா?"

"சாம்பல் நிறம்னு எழுதியிருக்க. அது சாம்பல் இல்ல. கிராஃபைட் கிரே. கேட்டலாக்ல பார்."

அப்பா, நான் சிரிக்கவில்லை. அண்ணியும் சிரிக்கவில்லை. "திருத்திட்டா போடறீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"திருத்து. அப்பா தப்பா நினைச்சுக்கக் கூடாது பாரு."

திருத்தம்: முன்னே சாம்பல் நிறம் என்று எழுதியிருப்பதைக் கிராஃபைட் கிரே என்று படிக்கவும்.

காதிலிருந்த பென்சிலை எடுத்தார். பேனாதான் வேண்டும் என்று கையில் கொடுத்தேன். வேண்டுகோளுக்கு நேர் கீழே, தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, இடமே விடாமல் கையெழுத்துப் போட்டார். தாளைத் தள்ளிப் பிடித்து அழகு பார்த்தார்.

சின்னவள் அவர் போனையே எடுத்துக் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டாள். "அண்ணன் கையெழுத்துப் போட்டுட்டார். போர்டை இறக்க இப்பவே வாங்க." மறுமுனையில் வழக்கமான பதில் வந்திருக்க வேண்டும். "பாக்க வேணாம். கழட்டுங்க" என்று வைத்தாள்.

"நான் எங்கடி சொன்னேன்?" என்றார் அண்ணன்.

அவர் கையெழுத்துக்கு மேலிருக்கும் வரிகளை விரலால் தொட்டுக் காட்டினேன். படித்தார். உங்கள் சட்டம் அவருக்கும் தெரியும். நாற்காலியை விட்டு எழுந்து மாடிக்குப் போனார். நாற்காலி இப்போது காலியாக இருக்கிறது.

உறையில் முகவரி எழுதியாகிவிட்டது. சின்னவள் கோந்து பாட்டிலோடு பக்கத்தில் நிற்கிறாள், செருப்புகூடப் போட்டுவிட்டாள். தபால் பெட்டி தெருமுனையில்தான். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பாத்துக்கலாம் கேட்டுக்குள் நுழைவது ஜன்னல் வழியே தெரிகிறது. கயிற்றைத் தாண்டி ஆள் வராமல் நான் போய் நிற்க வேண்டும். மடிக்கிறேன், ஒட்டுகிறேன், அவள் கையில் கொடுக்கிறேன்.

உங்கள் நடு மகள்